பையில் வைக்க மடக்குக் கத்தி: அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

மன்னார்குடி:
வாழை இலை அறுக்க, உரச்சாக்கு பிரிக்க, நைலான் கயிறு வெட்ட ஒரு கத்தி வேண்டும். கடைத்தெருவில் சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவையோடு 150 ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது, அச்சு அசல் சுவிஸ் கம்பெனி விக்டோரிநாக்ஸ் கத்தி மாதிரி. காந்தம் ஒட்டினால் போலி என்கிறார்களே, சரியா?

திருவையாறு:
தலைகீழ், ஐயா. பதம் ஏறும் எஃகு காந்தத்தில் ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாதது சாப்பாட்டுத் தட்டுத் தகடு. அதற்காக ஒட்டுவதெல்லாம் அசலும் இல்லை. பெரிய அலகை விரித்து அடியில் பாருங்கள்: விக்டோரிநாக்ஸ், ஸ்விஸ் மேட் என்று தெளிவாக வெட்டியிருக்கும். பக்கவாட்டில் ஆட்டினால் கடகடக்கக் கூடாது. மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பிடியின் உள்தகடுக்கும் முதுகு ஸ்பிரிங்குக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சீர்காழி:
சிலுவையை நம்பாதீர்கள். விக்டோரிநாக்ஸின் 91 மி.மீ. நீளக் கத்தியின் பளபளப்புப் பிடியில் அது பதித்த உலோகம். சில நைலான் பிடிகளில் அசலிலேயே அச்சுதான். அந்த 91 மி.மீ. கத்தியில் அலகுக்குப் பூட்டும் கிடையாது, குத்தினால் விரல்மேல் மடியும். உங்கள் வேலைக்கு ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மரப்பிடி மடக்குக் கத்தியில் 8-ஆம் எண் போதும்: அலகு 8.5 செ.மீ., கழுத்து வளையத்தைத் திருப்பினால் பூட்டு. கார்பன் எஃகு அலகு வேண்டாம், ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். வாழைக்கறை பட்டால் கார்பன் கறுக்கும், ஐப்பசி அடைமழையில் துரு சொல்லாமல் வரும்.

மன்னார்குடி:
மரப்பிடி ஈரத்தில் ஊதாதா?

சீர்காழி:
ஊதும், அலகு இறுகும். பிடியின் வால்நுனியைக் கட்டையில் தட்டினால் அலகு எழும்பும். நிழலில் உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். நல்லெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்குதான்.