சுண்ணாம்பு இட்டும் மக்காச்சோளம் தேறவில்லை: உதவி தேவை

வேப்பூர் மானாவாரி:
வணக்கம். எங்கள் நிலம் அமில மண் என்று பரிசோதனையில் வந்ததால் சுண்ணாம்பு இட்டு மக்காச்சோளம் விதைத்தேன். 20 நாளாகியும் பயிர் வளராமல் நிற்கிறது. கீழ் இலைகள் ஊதா நிறமாகின்றன. உடனே வழி சொல்லுங்கள்.

செம்மண்காடு:
மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) எவ்வளவு? எந்தச் சுண்ணாம்பை, விதைப்புக்கு எத்தனை நாள் முன்பு இட்டீர்கள்?

பண்ருட்டித் தோட்டம்:
ஊதா நிறம் என்றாலே மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைதான் ஐயா. டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசல் தெளியுங்கள்.

பழைய உழவர்:
இலையின் நிறத்தை மட்டும் பார்த்து உரம் சொல்லக் கூடாது என்று எத்தனை முறை எழுதினாலும் இங்கே யாரும் படிப்பதில்லை. பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். மணிச்சத்தும் அதனோடு பிணைந்து பயிருக்கு எட்டாமல் போகும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

கடலோரம்:
ஜிப்சம் போதுமே? நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ இட்டுத்தான் மண் அணைக்கிறோம்.

செம்மண்காடு:
ஜிப்சம் கால்சியமும் கந்தகமும் தரும், ஆனால் அமிலத்தை முறிக்காது. களர் (சோடியம் மிகுந்த கார) நிலத்துக்கான மருந்தை இங்கே சொல்லாதீர்கள்.

கடலோரம்:
பி.எச். உயராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஜிப்சம் அடிமண்ணுக்கு இறங்கி அலுமினியத்தின் நச்சைக் குறைக்கும் என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

வேப்பூர் மானாவாரி:
பி.எச். 5.1. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றாமல் (தண்ணீர் தெளித்துத் தூளாக்காமல்), விதைப்புக்கு முந்தின நாள் டிஏபியோடு சேர்த்து இட்டேன். வேர்கள் குட்டையாக, நுனி தடித்துப் பழுப்பாக இருக்கின்றன, பக்கவேரே இல்லை. மண்ணைக் கிளறினால் புளியங்கொட்டை அளவு வெள்ளைக் கட்டிகள் அப்படியே கிடக்கின்றன.

பழைய உழவர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கட்டியை ஒட்டிய மண் காரமாகும், ஒரு சாண் தள்ளினால் அமிலம் அப்படியே இருக்கும். டிஏபியோடு சேர்ந்ததால் அதிலுள்ள தழைச்சத்தும் அம்மோனியாவாக ஆவியாகியிருக்கும். நின்ற பயிருக்கு மேலும் சுண்ணாம்பு வேண்டாம். சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுவுரத்தில் கலந்து செடியோரம் வைத்து மண் அணையுங்கள். அறுவடைக்குப் பின் சுண்ணாம்புத் தேவையின் அளவை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டு, தூளாகவே வாங்கி, 15 செ.மீ. ஆழம்வரை உழுது கலந்து, சில வாரங்கள் விட்டு விதையுங்கள். சுத்தமான சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் 100 கிலோவுக்குச் சமம் என்பதால் அளவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மிஞ்சினால் துத்தநாகக் குறை வந்து இலையில் வெளிறிய பட்டைகள் விழும்.

வேப்பூர் மானாவாரி:
சொன்னபடி செய்து 12 நாளாகிறது. புது இலைகள் பச்சையாக வருகின்றன. மேட்டுப்பக்கம் மட்டும் இன்னும் ஊதாவாகவே நிற்கிறது. நன்றி ஐயா.