விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸ் மின்டுக்கு வந்தாயிற்று: தமிழ்ப் பதிவு எழுத எதை வைத்துக்கொள்வது?

மைக்கூடு (கேள்வி):

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. என் லேப்டாப் இன்டெல் 6-ம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்பதால் லினக்ஸ் மின்ட் 22 சின்னமன் போட்டிருக்கிறேன். விண்டோஸ் பார்ட்டிஷனை இன்னும் அழிக்கவில்லை; ஒரு மாதத்துக்குள் அழித்துவிடும் எண்ணம்.

அங்கே பயன்படுத்தியது: தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டரில் தமிழ்99 விசை அமைப்பு, பதிவுக்கு ஓப்பன் லைவ் ரைட்டர், எம்எஸ் வேர்ட், படங்களைச் சிறிதாக்க இர்ஃபான்வியூ. ப்ளாகரில் ஒரு தளமும் வேர்ட்பிரஸில் ஒரு தளமும் இருக்கின்றன.

இங்கே சிக்கல்கள்:

மின்டின் கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99 லேஅவுட்டைச் சேர்த்தேன். எழுத்து வருகிறது, ஆனால் ‘அம்மா’ அடித்தால் புள்ளி தானாக விழவில்லை. ஓப்பன் லைவ் ரைட்டருக்கு இணையாக லினக்ஸில் என்ன இருக்கிறது? 2009-க்கு முந்தைய 300 வேர்ட் கோப்புகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது? கடைசியாக ஒன்று: பதிவின் முழுத் தலைப்பையே கோப்பின் பெயராக வைப்பது என் வழக்கம். அவற்றில் பல, மின்டுக்குக் காப்பி செய்யும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடுகின்றன. விண்டோஸில் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

தட்டச்சு_வாத்தியார்:

முதலில் கீபோர்டைச் சரிசெய்யுங்கள். அது சரியாகாமல் எந்த எடிட்டரைப் போட்டாலும் பிடிக்காது.

நீங்கள் சேர்த்தது வெறும் லேஅவுட். ஒரு சாவிக்கு ஒரு குறி என்பதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அது பார்ப்பதில்லை. தமிழ்99-இன் அழகே முன்னெழுத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான். அம்மா என்பது அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதில் புள்ளி. ங-வை அடுத்து க, ஞ-வை அடுத்து ச, ண-வை அடுத்து ட என்று இன எழுத்து வந்தாலும் புள்ளி. இதைச் செய்ய ‘இன்புட் மெத்தட்’ வேண்டும்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற பொதியைத் தேடி நிறுவுங்கள். பிறகு மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். அடுத்து ஐபஸ் பிரிஃபரன்ஸஸில் இன்புட் மெத்தட் பகுதியில் ‘ஆட்’ அழுத்தி, தமிழின் கீழே தமிழ்99-ஐச் சேருங்கள். அதே பட்டியலில் ஃபொனடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், இலங்கையின் ரெங்கநாதன் முறை எல்லாம் உண்டு. மாற்ற விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கீபோர்டு செட்டிங்கில் முன்பு சேர்த்த தமிழ் லேஅவுட்டை நீக்கிவிட்டு ஆங்கிலத்தை மட்டும் விடுங்கள். எம்17என் அடியில் ஆங்கிலச் சாவிகளை எதிர்பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

‘மமதை’ போல அடுத்தடுத்து அதே உயிர்மெய் வரும் சொல்லுக்கு நடுவில் ஓர் அ போடுங்கள்: ம, அ, ம, த, ஐ. என்எச்எம்மில் அடித்த அதே விதிதான், விரலுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

வலைத்தறி:

பதிவு எழுதும் மென்பொருள் பற்றி. ஓப்பன் லைவ் ரைட்டரை, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் எடிட்டர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் இன்ஜினை நம்பி எழுதப்பட்டது. அது விண்டோஸின் அடிவயிற்றில் இருக்கிறது.

லினக்ஸில் அதற்கு நேர் இணை இன்று இல்லை. கேடிஈ-யில் ப்ளாகிலோ என்று ஒன்று இருந்தது, கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: எழுதுவது ஒரு எளிய மார்க்டவுன் எடிட்டரில் (தலைப்பு, பட்டியல் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குறிகளால் காட்டும் வெறும் எழுத்து முறை), ஏற்றுவது பிரவுசரில். நான் பரிந்துரைப்பது கோஸ்ட்ரைட்டர். மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். சிஸ்டம் பேக்கேஜாகவே நிறுவுங்கள். ஃபிளாட்பாக், ஆப்இமேஜ் என்ற தனிப் பொதி வடிவங்களில் வரும் சில எடிட்டர்களுக்கு ஐபஸ் போய்ச் சேராது. ஆங்கிலம் வரும், தமிழ் வராது.

நிறுவியதும் அதன் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றுங்கள். இத்தகைய எடிட்டர்கள் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கும் மோனோஸ்பேஸ் எழுத்துருவோடு வரும். அதில் தமிழ் இருக்காது, சிஸ்டம் வேறெங்கிருந்தோ இரவல் வாங்கும். வரி உயரம் ஏறி இறங்குவதும், கர்சர் எழுத்தின் நடுவில் நிற்பதும் அதனால்தான்.

ப்ளாகருக்கு: கோஸ்ட்ரைட்டரில் எழுதியதை எச்டிஎம்எல்லாகக் காப்பி செய்யும் கட்டளை இருக்கிறது. ப்ளாகர் எடிட்டரின் இடது மூலையில் உள்ள பென்சில் படத்தை அழுத்தி எச்டிஎம்எல் வியூவுக்குப் போய் ஒட்டுங்கள். வேர்டுக்கு இணையான லிப்ரே ஆபீஸிலிருந்து நேரடியாக ஒட்டினால் ஒவ்வொரு பத்திக்கும் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு தளத்தின் தோற்றத்தை (தீம்) மாற்றினாலும் அந்தப் பதிவு மட்டும் மாறாது. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்.

வேர்ட்பிரஸுக்கு இந்தச் சுற்றும் வேண்டாம். மார்க்டவுனை அப்படியே ப்ளாக் எடிட்டரில் ஒட்டினால் தலைப்பு, பட்டியல், இணைப்பு எல்லாம் தானாகப் பிரிந்து உட்காரும்.

முகவரி விஷயத்தை எந்த மென்பொருளும் உங்களுக்காகப் பார்க்காது. தமிழ்த் தலைப்பிலிருந்து ப்ளாகர் முகவரி உண்டாக்காது. ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று எண்ணோடு எதையோ வைக்கும். வெளியிடும் முன்பே கஸ்டம் பெர்மாலிங்கில் ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் (‘கி’ என்றால் க ஒன்று, இகரக் குறி ஒன்று) ஒன்பது எழுத்தாக விரியும். இடம் 200 எழுத்துக்குத்தான். அதாவது 22 குறிகளில் முகவரி பாதிச் சொல்லில் அறுந்துவிடும். அங்கேயும் ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கொடுப்பதே மேல்.

இன்னொன்று, அவசரம். விண்டோஸை அழிக்கும் முன் ஓப்பன் லைவ் ரைட்டரில் வெளியிடாத டிராஃப்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். டாக்குமென்ட்ஸுக்குள் ‘மை வெப்லாக் போஸ்ட்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்தக் கோப்பு வகையை லினக்ஸில் எந்த எடிட்டரும் ஒழுங்காகத் திறக்காது. விண்டோஸிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து, கீழே உள்ள ‘சோர்ஸ்’ பகுதிக்குப் போய், முழுவதையும் நோட்பேடில் ஒட்டி, யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள். ஆன்சி என்று விட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது.

பழைய_எழுத்துரு:

கோப்புப் பெயர் விவகாரம் தமிழுக்கென்றே வாய்த்தது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் 255 குறிகள் வரை ஏற்கும். தமிழ்க் குறி ஒன்று அங்கே ஒன்றுதான். மின்டின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 பைட்டில் எண்ணுகிறது: 255 பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். ‘வலைப்பதிவு’ நம் கண்ணுக்கு 6 எழுத்து. உள்ளே வ, ல, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, த, இகரக் குறி, வ, உகரக் குறி என 10 குறி, ஆக 30 பைட். இந்தக் கணக்கில் மொத்தம் 85 குறி, சுமாராக 50 எழுத்து. அதற்கு மேல் போனால் காப்பி நிற்கும். மின்ட் நிறுவும்போது ஹோம் ஃபோல்டரை என்க்ரிப்ட் செய்யச் சொல்லியிருந்தால் எல்லை 143 பைட்டாக இன்னும் குறுகும். 30 எழுத்துகூடத் தேறாது.

வழி: விண்டோஸிலேயே பெயரைச் சுருக்குங்கள். முன்னால் தேதி, பின்னால் இரண்டு மூன்று சொல் போதும். முழுத் தலைப்பு கோப்பின் முதல் வரியில் இருக்கட்டும்.

இனி பாமினி. இதில் ஒரே அமுக்கில் முடிக்க நினைக்காதீர்கள். பாமினிக் கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. அதனால் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை எடுத்து மின்டில் நிறுவுங்கள், இல்லாவிட்டால் எது தமிழ் எது ஆங்கிலம் என்று பார்த்துப் பிரிக்க முடியாது. லிப்ரே ஆபீஸில் ஆட்டோகரெக்டை முழுவதும் அணைத்துவிட்டுத் திறங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன், மேற்கோளை வளைக்கிறேன் என்று அது கை வைத்தால் பாமினியில் அது வேறு தமிழ் எழுத்தாக மாறிவிடும்.

கோப்பில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருக்கும். கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குப்பையாக்கும். ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ பெட்டியின் மற்ற விருப்பங்களில் ‘ஃபார்மட்’ திறந்து, எழுத்துரு பாமினி என்று கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்து, மஞ்சள் பின்னணி போடுங்கள். மஞ்சள் இல்லாதது ஆங்கிலம்; அதைத் தொடாமல் விட்டு மற்றதை மட்டும் யூனிகோடு மாற்றிக்கு அனுப்புங்கள். நிறையக் கோப்பு என்றால் பைத்தானில் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற தொகுப்பில் இதற்கான பகுதி இருக்கிறது. முதலில் ஐந்து கோப்பை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்.

எதைச் சோதிப்பது? கொம்பை. பாமினியில் ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணில் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. மோசமான மாற்றி கொம்பை முன்னாலேயே விட்டுவிடும். அப்போது புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு தனியே நிற்கும். அடுத்து, காலுக்குப் பதில் ர-வை அடித்த இடங்கள். பழைய தட்டச்சில் இது சர்வசாதாரணம், பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. ஔ என்பது ஒ, ள என்று இரண்டாகக் கிடப்பதும் அப்படித்தான். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும். அந்த 300 கோப்பும் உங்கள் எழுத்து. ஒரு மாதக் கெடுவுக்காக அவசரப்படாதீர்கள். மூலக் கோப்புகளை மாற்றாமல் தனியே ஒரு வெளி டிஸ்க்கில் வையுங்கள்.

யூனிகோடில் உள்ள பிந்தைய வேர்ட் கோப்புகளுக்கு ஒரே ஒரு வேலை. லதா எழுத்துரு லினக்ஸில் வராது. லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபான்ட்ஸ் பகுதியின் மாற்று அட்டவணையில் லதாவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கொடுங்கள். எழுத்தின் அகலம் வேறு என்பதால் பக்க முறிவு நகரும். மொழிப் பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்தான் பத்தி ஸ்டைலில் தமிழுக்கென்று தனி எழுத்துரு, தனி அளவு தெரியும். ஆங்கிலத்துக்கு 12, தமிழுக்கு 11 வைத்தால் வரி ஒன்றுபோல நிற்கும்.

மைக்கூடு:

மிக்க நன்றி. எம்17என் போட்டதும் புள்ளி தானாக விழுகிறது, டிராஃப்டுகளையும் எடுத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். ப்ளாகர் எடிட்டரில் அடித்துக்கொண்டிருக்கும்போது மவுஸால் வேறு இடத்தில் கிளிக் செய்தால் கடைசி எழுத்து அங்கே தாவிவிடுகிறது, சில நேரம் காணாமலே போகிறது. மின்டிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை.

தட்டச்சு_வாத்தியார்:

அடுத்து உயிர் வருமோ என்று எம்17என் கடைசி மெய்யைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அடிக்கோடோடு தெரியும் எழுத்து அதுதான். அந்த நிலையில் கிளிக் செய்தால் எழுத்து தாவும். கிளிக் செய்யும் முன் ஸ்பேஸையோ வலது அம்புச் சாவியையோ ஒரு முறை அழுத்துங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸஸின் ஜெனரல் பகுதியில் ‘எம்பெட் ப்ரீஎடிட் டெக்ஸ்ட்’ டிக்கை எடுத்தும் பாருங்கள். காத்திருக்கும் எழுத்து தனிப் பெட்டியில் வரும், எது இன்னும் பதியவில்லை என்று தெளிவாகத் தெரியும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் கீமேன் என்ற தட்டச்சு மென்பொருள் லினக்ஸுக்கும் உண்டு, தமிழ்99 அதிலும் கிடைக்கும்.

வலைத்தறி:

டிரைவ் பூட்டியிருப்பது விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ செய்யும் வேலை. ஷட்-டவுன் என்று நீங்கள் நினைப்பது பாதி உறக்கம்தான். அந்த நிலையில் உள்ள டிரைவில் லினக்ஸ் எழுத மறுப்பது உங்கள் கோப்புகளின் நன்மைக்கே. கட்டாயப்படுத்தித் திறக்க வேண்டாம். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்’ என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக ஷட்-டவுன் செய்துவிட்டு மின்டுக்கு வாருங்கள்.

படத்துக்குப் பதில் சொல்ல விட்டுப்போயிற்று. மொத்தமாகச் சிறிதாக்க கன்வெர்சீன் போதும்: அகலம் 1200 பிக்சல், ஜேபெக் தரம் 80 முதல் 85. இர்ஃபான்வியூ போலவே புரட்டிப் பார்க்க எக்ஸ்என்வியூ எம்பி. ஒற்றைப் படத்துக்கு கிம்ப். ஏற்றுமதி செய்யும்போது ‘எக்ஸிஃப்’ டிக்கை எடுத்துவிடுங்கள், போனில் எடுத்த படத்தில் வீட்டின் இருப்பிடம் ஒளிந்திருக்கக்கூடும்.

விண்டோஸை அழிக்கும் முன் ப்ளாகர் செட்டிங்கில் பேக்கப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோப்பில் பதிவும் பின்னூட்டமும்தான் வரும், படங்களுக்கு வெறும் இணைப்புதான் இருக்கும். மூலப் படங்கள் விண்டோஸ் டிரைவில் மட்டும் இருந்தால் அவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு பார்ட்டிஷனில் கை வையுங்கள். மின்டின் டைம்ஷிஃப்ட் இதைக் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். இயல்பாக அது சிஸ்டத்தை மட்டுமே படமெடுக்கிறது, ஹோம் ஃபோல்டரைத் தொடுவதில்லை.