‘க்ரக்’ சட்டத்துக்குக் ‘கவட்டுக்கால்’ சரிவருமா?

அன்புள்ள ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

‘க்ரக்’ (cruck) என்பது பழைய இங்கிலாந்து வீடுகளில் தரையிலிருந்து முகடு வரை போய்க் கூரையைத் தாங்கும் வளைந்த மரச்சோடி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஐயா தந்த ‘வளைமரம்’ என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வளை’ என்றால் தச்சர்களுக்கு வேறு பொருள். மோட்டுவளை என்பது கூரை முகட்டில் படுக்கையாகக் கிடக்கும் மரம். ‘வளைமரங்கள் மோட்டுவளையைத் தாங்குகின்றன’ என்று எழுதினால் படிப்பவர் எது எதைத் தாங்குகிறது என்று தடுமாறுவார்.

பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் ஸ்டிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஷாட்டரி என்ற ஊரில், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே வளர்ந்த வேய்ந்த கூரை வீடு இருக்கிறது. 1892-இல் அதை ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வாங்கியது. அதன் பழைய பகுதி 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த க்ரக் கட்டு. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து நீளவாக்கில் பிளப்பார்கள். இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே வளைவுள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும். அடிகளை அகட்டி ஊன்றி, தலைகளை முகட்டில் சேர்த்து, நடுவில் குறுக்குமரம் கோத்து, ஓக் முளை அடித்து இறுக்கினால் ஒரு சோடி தயார். கூரையின் பாரம் இந்தச் சோடிகள் வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். சுவர் எதையும் சுமக்க வேண்டியதில்லை, காற்றையும் மழையையும் மறைத்தால் போதும். அதனால்தான் வெறும் குச்சி பின்னி மண் அப்பிய சுவரோடு அந்த வீடுகள் இத்தனை காலம் நிற்கின்றன.

ஆகவே தரையிலிருந்து முகடு வரை ஒரே மரமாகப் போவது பெயரில் தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘வளைதூண்’ அதனாலேயே ஒத்துவராது. தூண் உத்திரத்தோடு நின்றுவிடும். அக்கா சொன்ன ‘கவைச்சட்டம்’ மிக நெருங்கி வருகிறது. ஆனால் கவை என்றதும் மேலே இரண்டாகப் பிரியும் கிளைதான் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே பிரிவு கீழே, சேர்க்கை மேலே.

கவட்டுக்கால் என்று வைத்தால் என்ன? காலை அகட்டி ஊன்றி நிற்கும் ஆள் அப்படியே மனத்தில் வருகிறார். குத்துக்கால் ஏற்கெனவே தச்சுச் சொல் என்பதால் அதன் பக்கத்தில் இதுவும் இயல்பாக உட்காரும். பேச்சில் கவட்டை என்பது கொஞ்சம் கூச்சமான சொல் என்று சிலர் நினைக்கலாம். கவட்டை என்றே உண்டிவில்லைச் சொல்லி விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. நமக்கு மட்டும் எதற்கு?

அப்புறம், நிலைத்தூண்களையும் உத்திரங்களையும் பெட்டி போலப் பூட்டும் இன்னொரு முறைக்குப் ‘பெட்டிச்சட்டகம்’ போதும். இரண்டையும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் மேற்கிலும் நடுப்பகுதியிலும், வேல்ஸிலும் நிறையக் காணப்படும் க்ரக், கிழக்கு ஆங்கிலியாவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மண் அப்பிய சுவருக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். வரிச்சு கட்டி மண் அடைத்தால் அது வரிச்சுச் சுவர்தான்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘வூஸ்டர்ஷயரில் உள்ள லை கோர்ட் களஞ்சியம், பிரிட்டனிலேயே ஆகப் பெரிய கவட்டுக்கால் கட்டடம்.’ எனக்கு இடறவில்லை. சோடியில் ஒரு துண்டை மட்டும் குறிக்க என்ன சொல்லலாம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ஐயா, அக்கா, நீங்கள் சொல்லுங்கள்.