25 வருஷ ஸ்பீக்கர்: மாற்றவா, சரி பண்ணவா?

கேள்வி:
டூ-வே புக்‌ஷெல்ஃப் ஜோடி. 8 அங்குல வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கு), 1 அங்குல டோம் ட்வீட்டர் (கீச்சொலிக்கு), 8 ஓம். ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) சேனலுக்கு 60 வாட். சத்தத்தைக் கூட்டினால் இடது பக்கம் பேஸில் பர்ர்ரென்று அதிர்கிறது. வலது பக்கம் ஒரே மங்கல், ஜால்ராச் சத்தம் காணவே காணோம். பெட்டி இரண்டும் கல் மாதிரி இருக்கு. புதுசு வாங்குவதா, இதையே தேற்றுவதா?

பதில் 1:
முதலில் கோளாறு ஸ்பீக்கரில்தானா என்று பாருங்க. ஆம்பை அணைத்துவிட்டு, பின்பக்கம் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்க. பர்ர்ர் அதே பெட்டியில் வந்தால் பெட்டிதான் குற்றவாளி. அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஆம்ப்பையோ அதற்கு முன்னால் இருப்பதையோ நோண்டணும்; ஸ்பீக்கர் மாற்றியும் புண்ணியமில்லை.

அப்புறம் முன் வலையைக் கழற்றி, வூஃபரின் கோனைச் (அதிரும் கூம்பை) சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்க. ஃபோம் என்றால் இந்த வயசில் பிசுபிசுக்கும், இல்லையேல் பொடியாக உதிரும். காற்றின் ஈரமே அதைத் தின்றுவிடும், பாட்டுப் போடாமல் மூடி வைத்தாலும் தப்பாது. ரப்பர் வளையம் ரொம்ப நாள் தாங்கும்.

கடைசியாக, இரண்டு கட்டைவிரலையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து, சமமாக உள்ளே அழுத்துங்க. சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) மையம் தப்பியிருக்கு. கிழிந்த ஃபோமோடு சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் இங்கேதான் வந்து நிற்கும். அதுவரை வால்யூமை அடக்கி வையுங்க.

பதில் 2:
வலது பக்க மங்கலுக்கு: பின்னால் நான்கு டெர்மினல் (வயர் மாட்டும் முனை) இருந்தால், அவற்றை இணைக்கும் உலோகப் பட்டை தளர்ந்தோ களிம்பேறியோ இருக்கலாம். முறுக்கித் துடைத்தாலே சிலருக்குத் தீர்ந்துபோகும்.

மல்டிமீட்டரை வெளி டெர்மினலில் வைத்து ட்வீட்டரை அளக்காதீங்க. நடுவில் இருக்கும் கபாசிட்டர் மீட்டர் அனுப்பும் டிசியை (ஒரே திசை மின்சாரத்தை) விடாது, வூஃபர்தான் தெரியும். ட்வீட்டரைக் கழற்றி, ஒரு வயரைப் பிடுங்கி நேராக அளங்க. 8 ஓம் என்றால் மீட்டர் 5.5 முதல் 7 வரை காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் எரிந்துவிட்டது.

அளவு சரியாக இருந்தால் இரண்டு ட்வீட்டரையும் பெட்டி மாற்றிப் பொருத்திப் பாருங்க. மங்கல் ட்வீட்டரோடு போனால் உள்ளே இருக்கும் ஃபெரோஃப்ளூயிட் (காயிலைச் சுற்றியுள்ள காந்தத் திரவம்) கெட்டியாகியிருக்கலாம். பெட்டியோடு தங்கினால் கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் சர்க்யூட்).

கேள்வி கேட்டவர்:
பார்த்தாச்சு. பர்ர்ர் பெட்டியோடுதான் இருக்கு. இடது ஃபோம் தொட்டதும் உதிர்ந்தது, உரசல் இல்லை. வலது ஃபோமும் பிசுபிசுக்குது. மங்கலும் பெட்டியோடு நின்றது.

பதில் 2:
அப்படியானால் மாற்ற வேண்டாம். ட்வீட்டருக்குத் தொடராக இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் வறண்டு, உள்தடை ஏறியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், நான்-போலார் (ப்ளஸ்-மைனஸ் இல்லாதது) மட்டும். பவர் சப்ளையில் போடும் சாதாரண ப்ளஸ்-மைனஸ் ரகம் கூடாது. பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக் ஃபிலிம்) கபாசிட்டர் போட்டால் ஆயுள் அதிகம், ஆனால் தடை குறைவதால் சத்தம் கொஞ்சம் கூர்மையாகலாம். காதைக் குத்தினால் தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு பெட்டியிலும் மாற்றணும், இல்லாவிட்டால் இடமும் வலமும் ஒத்துப்போகாது.

பதில் 1:
ஃபோமும் இரண்டு பக்கமும். '8 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்காதீங்க. கோனின் விட்டம், ஃபோமின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் அளங்க. பழைய பசையை மொத்தமாகச் சுரண்டணும், மீதியிருந்தால் புது வளையம் சாய்ந்து உட்காரும். உடனே பிடிக்கும் பசை வேண்டாம், நகர்த்த அவகாசம் தராது. மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை போதும்.

முதலில் கோனில் ஒட்டிக் காயவிடுங்க. பிறகு வெளி ஓரத்தில் பசை தடவி, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாக ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்துக்குக் கோனை நகர்த்தி அழுத்துங்க. ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க.

பதில் 3:
உரசல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அளவு பொருந்துகிறது என்று வேறு வூஃபரை இந்தப் பெட்டியில் திணித்தால் பேஸ் ஊதும், இல்லை வற்றும். பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டும் (காற்றுத் துளையும்) பழைய வூஃபருக்காகக் கணக்கிட்டவை. அப்போது புது ஜோடிதான். அதிலும் சென்சிடிவிட்டியை (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) பாருங்க: 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாட் கேட்கும், உங்கள் 60 முக்கும்.

பெட்டியை மூடும் முன் 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸை ஒவ்வொரு பெட்டியின் ப்ளஸ் டெர்மினலிலும், மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்க. இரண்டு கோனும் முன்னே வரணும். ஒன்று பின்னே போனால் அந்த வூஃபரின் வயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.