எம்ஜிபி ரோட்ஸ்டர்: சில் மாற்றும்போது கதவுகளைக் கழற்றலாமா?

கேள்வி: 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரில் (நிலையான கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) துருப்பிடித்த சில்களை (கதவுகளுக்குக் கீழே பாடியின் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதிகள்) வெட்டியெடுத்துப் புதியவற்றை வீட்டிலேயே வெல்டிங் செய்யவிருக்கிறேன். கதவுகளை முன்னதாகவே கழற்றிவிடலாமா?

பதில் 1: அளவு பார்க்கக் கதவுகள் அவசியம் தேவை. இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸும் கூரையும் இல்லாததால், பாடியின் உறுதி பெருமளவு சில்களையே சார்ந்துள்ளது. ஆகவே வெட்டுவதற்கு முன் கதவு வாயிலின் உட்புறத்தில் இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

பதில் 2: முழு வெல்டிங்குக்கு முன், கதவையும் போல்ட்டில் நிற்கும் முன் மட்கார்டையும் பொருத்தி இடைவெளிகளைச் சரிபாருங்கள். பிறகு திருத்துவது மிகக் கடினம்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. பானட் அலுமினியம் என்பதால் அதைத் தனியே பாதுகாப்பாக எடுத்து வைக்கிறேன்.