'கட்டுப்பாட்டு மையம்' வேண்டாம், 'தன்வய உணர்வு' என்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தேர்ச்சியும் தோல்வியும் தம் முயற்சியால் அமைகின்றன என்று கல்லூரி மாணவர்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதைக் குறிக்க, 'locus of control' என்பதன் நேர் மொழிபெயர்ப்பாக இங்கே முன்மொழியப்பட்ட 'கட்டுப்பாட்டு மையம்' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மாணவரிடம் 'கட்டுப்பாடு' என்றால், விடுதிக் காப்பாளரும் வீட்டுப் பெரியவர்களுமே அவர் நினைவுக்கு வருவார்கள். பிறர் விதிக்கும் தடையைச் சொல்லும் சொல், நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானது.

இந்நம்பிக்கையை அளக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966இல் வெளியிட்ட, 29 இணைக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் வாழ்க்கை முழுவதையும் பற்றியது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பெர்ரியும் உடன் ஆய்ந்தோரும் அக்கருத்தைப் படிப்பளவில் சுருக்கி முதலாண்டு மாணவரிடம் ஆராய்ந்தபோது, இவ்வுணர்வு மிக்கவர்கள் கூடுதலாக முயன்றதையும், சலிப்பும் பதற்றமும் குறைந்திருந்ததையும், உயர்ந்த மதிப்பெண் பெற்றதையும் கண்டனர்.

எங்கள் பக்கத்தில் ஒரே தாளில் தோற்று 'சப்ளி' (மறுதேர்வு) விழுந்த இருவரில் ஒருவர் "வேல்யுவேஷன் (விடைத்தாள் திருத்தம்) ரொம்பக் கடுமை" என்பார். மற்றவர் "மூணாவது மாட்யூலை நான் தொடவே இல்லை" என்பார். இரண்டாமவருக்கு அடுத்த தேர்வுக்குள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து ஆங்கிலத்தில் தேர்வெழுதும் மாணவரின் இடர்ப்பாடு உண்மையானது; அதை இச்சொல் மறைத்துவிடக் கூடாது. ஆகவே 'உணர்வு' என்பது சொல்லில் கட்டாயம் நிற்க வேண்டும்: அளக்கப்படுவது நம்பிக்கையே தவிர, உண்மையான அதிகாரம் அன்று.

நண்பர் ஒருவர் தந்த 'கைவச உணர்வு' இனிய சொல்தான். ஆனால் கேரளத்தில் 'கைவசம்' என்றதும் வில்லேஜ் ஆபீசில் வாங்கும் நில உடைமைச் சான்றிதழே நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'தன்வய உணர்வு'. திருக்குறள் உரையில் இறைவனின் எண்குணங்களுள் முதலாவதாகப் பரிமேலழகர் வைத்த 'தன்வயத்தனாதல்' இறைவனின் முழு விடுதலையைக் குறிப்பதாயினும், பின்னால் 'உணர்வு' சேரும்போது மாணவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எதிர்ச்சொல்லாகப் 'புறவயம்' கூடாது; அது சார்பற்ற நோக்கைக் குறித்து நிலைத்துவிட்டது. 'பிறவயம்' என்று பொதுவாகக் கொண்டால், உளவியலாளர் ஹன்னா லெவன்சன் பிரித்துக் காட்டிய அதிகாரமுள்ள பிறரையும் தற்செயலையும் 'பிறர்வயம்', 'ஊழ்வயம்' என்று தனித்தனியே சொல்லலாம். வேல்யுவேஷனைக் குறை சொன்னவர் பிறர்வயத்தார். ஜாதகத்தில் நேரம் சரியில்லை என்பவர் ஊழ்வயத்தார்.

பள்ளி உயிரியலில் உள்ள 'தன்மயமாதல்' (செரித்த உணவை உடல் தன்னதாக்கிக்கொள்ளுதல்) இதனோடு குழம்புமா என்பதே எனக்குள்ள தயக்கம். அப்பாடம் நடத்துவோர் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.