பீபி டோரியானி: இரண்டு வெண்கலத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேள்வி (பந்துக்காரன்):
ஐஸ் ஹாக்கியில் பெரிய பெயர் இல்லாத நாடுகளுக்காக ஆடிச் சாதித்தவர்களுக்குச் சர்வதேச சம்மேளனம் 2015 முதல் 'டோரியானி விருது' கொடுக்கிறது. யார் இந்த ஆள் என்று பார்த்தால், சுவிட்சர்லாந்துக்காரர், ஒலிம்பிக்கில் 1928லும் 1948லும் வெண்கலம். நடுவில் இருபது வருஷம் காலி. அவ்வளவுதானா?

பதில் (ஆல்ப்ஸ் அடிவாரம்):
ஒலிம்பிக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த இருபது வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது.

1928இல் சென் மொரிட்ஸில் முதல் பதக்கம் வாங்கும்போது அவருக்கு வயது 16. பிறந்த ஊரும் அதுவே. 1932இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த ஒலிம்பிக் ஹாக்கிக்கு சுவிஸ் அணி போகவில்லை. அங்கே ஆடியதே நான்கு அணிகள்தான். 1936இல் முதல் சுற்றோடு வெளியே. 1940, 1944 போரில் போயின. ஆக, 16 வயதில் ஒன்று, 36 வயதில் ஒன்று. நடுவில் அவர் வீட்டில் படுத்திருக்கவில்லை!

டாவோஸ் என்ற சுவிஸ் மலையூர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். செயற்கைப் பனித்தளங்கள் அரிதாக இருந்த காலம் அது. டாவோஸ் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் கீழே உள்ள ஊர்களைவிட அங்கே பனி அதிக நாள் நிற்கும், பயிற்சியும் அதிகம் கிடைக்கும். அதோடு 1923இல் தொடங்கிய ஸ்பெங்லர் கோப்பைக்கு வெளிநாட்டு அணிகள் அந்த ஊருக்கே வந்துவிடும். கனடாப் பையன்கள் நிறைந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணிதான் முதல் கோப்பையைத் தூக்கியது. டாவோஸ் ஆட்கள் மலையைவிட்டு இறங்காமலேயே நல்ல எதிராளிகளைப் பார்த்தார்கள்.

அங்கேதான் டோரியானியும், ஹான்ஸ், ஃபெர்டினாண்ட் என்ற கட்டினி சகோதரர்களும் கோல் அடிக்கப் போகும் ஒரே முன்வரிசையாக ஆடினார்கள். மூவர் பெயரும் 'னி'யில் முடிவதால் 'னி வரிசை' என்று பெயர். கிளப்பிலும் தேசிய அணியிலும் அதே மூவர். வருஷக்கணக்காகச் சேர்ந்தே ஆடினால், அடுத்தவன் எங்கே வருவான் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம். 1935இல் டாவோஸிலேயே நடந்த உலகப் போட்டியில் வெள்ளி, கனடாவுக்கு அடுத்த இடம். 1939இல் வெண்கலம். அந்த வருஷம் செக்கோஸ்லோவாக்கியாவோடு 0-0 என்று முடிந்ததால் மூன்றாம் இடத்துக்கு மார்ச்சில் பாசலில் மறு ஆட்டம் வைத்தார்கள், சுவிஸ் 2-0. அதே மாதம் 15ஆம் தேதி ஜெர்மன் படை அந்த எதிராளிகளின் தலைநகரான பிராகாவுக்குள் போய்விட்டது.

பந்துக்காரன்:
சரி, புரிகிறது. 1948இல் அவர் வெறும் மூத்த ஆளாகத்தான் இருந்தாரா?

பதில் (ஆல்ப்ஸ் அடிவாரம்):
இல்லை. தொடக்க விழாவில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி சொன்னவரே அவர்தான், அதுவும் சொந்த ஊரில். அந்தப் பொறுப்பு ஒரு ஐஸ் ஹாக்கிக்காரருக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. கடைசி நாள் கனடாவிடம் 0-3 தோல்வி. வெயிலில் தளம் இளகிக் கிடந்தது. நடுவர் மேல் கோபப்பட்ட கூட்டம் பனியை உருட்டி எறிந்தது. உள்ளூர்க் கூட்டம் எங்கேயும் உள்ளூர்க் கூட்டம்தான்.

பதில் (சறுக்குவண்டி):
ஒன்று விட்டுவிட்டீர்கள். ஹாக்கியை விட்டபிறகு, 1957இல் டாவோஸில் நடந்த லூஜ் உலகப் போட்டியில் தனிநபர் பிரிவில் வெள்ளி வாங்கியிருக்கிறார். வயது 45! மல்லாந்து படுத்தபடி பனிச்சரிவில் பாய்கிற விளையாட்டு அது.

பதில் (ஆல்ப்ஸ் அடிவாரம்):
ஆமாம், அதை விட்டிருக்கக் கூடாது. பயிற்சியாளராகவும் சுவிஸ் தேசிய அணி, இத்தாலி தேசிய அணி இரண்டையும் பார்த்துக்கொண்டார். முதல் டோரியானி விருது போனதும் ஓர் இத்தாலி வீரருக்குத்தான், லூசியோ டோபாடிக். என்னைக் கேட்டால், விருதுக்கு இவரைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது: ஆட்டம் வளராத இடத்தில் ஆடினார், அப்புறம் இன்னும் வளராத இடத்துக்குப் போய்க் கற்றும் கொடுத்தார். 1997இல் சம்மேளனம் தன் புகழ் மன்றத்தைத் தொடங்கியபோதே இவரைச் சேர்த்துவிட்டது. மேலே படிக்க வேண்டுமானால் 1935 உலகப் போட்டியிலிருந்து தொடங்குங்கள், ஒலிம்பிக்கை அப்புறம் பார்க்கலாம்.